புஜு பான்டன்: பாட்டை எடுத்துவிட்டால் மன்னிப்பு கேட்டதாகிவிடுமா?

#1 கருங்குயில்

ஜமைக்கா இசையான ரெக்கே என்று யார் ஆரம்பித்தாலும் இங்கே பாப் மார்லியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த, ஆனால் நிம்மதியாகக் கேட்கவிடாத ஒருவரைப் பற்றித் தனி இழை போடவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். புஜு பான்டன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. இயற்பெயர் மார்க் அந்தோனி மைரி. 1973 ஜூலை 15 அன்று ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் பிறந்தவர். சால்ட் லேன் என்ற ஏழைக் குடியிருப்பு, 15 பிள்ளைகளில் கடைக்குட்டி, அம்மா தெருவில் சரக்கு விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே சவுண்ட் சிஸ்டம்களில் மைக் பிடித்தார். ஆளைவிட உயரமான ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி, தெருவையே அரங்கமாக்கி ராத்திரி முழுக்க நடக்கும் ஆட்டத்துக்குத்தான் சவுண்ட் சிஸ்டம் என்று பெயர். பின்னணியில் ரிதிம் என்கிற ஒரே இசைத்தடம் ஓடும், அதன் மேல் பத்துப் பேர் பத்துப் பாட்டு கட்டுவார்கள். இசைத்தட்டைச் சுழற்றுபவர் செலக்டர். மைக்கில் பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் வரிகளைக் கொட்டுபவர்தான் அங்கே டீஜே.

புஜு அப்படிப்பட்ட டீஜே. முதல் பாட்டு 1987-இல் வந்தது. 18 வயதில் பதிந்த பாட்டுகளைக் கேட்டால் ஐம்பது வயது ஆள் தொண்டையில் சரளைக்கல்லை உருட்டுகிற மாதிரி இருக்கும். 1992-இல் ஜமைக்காவில் ஒரே ஆண்டில் அதிக முதலிடப் பாட்டுகள் என்ற மார்லியின் சாதனையை இவர் முறியடித்தார். அப்போது வயது 19.

அந்த வயதிலேயே சர்ச்சையும் தொடங்கிவிட்டது. வெளிர்நிறப் பெண்களைப் புகழ்ந்து 'லவ் மி பிரௌனிங்' பாடினார், கறுப்பினப் பெண்களைத் தாழ்த்துகிறாய் என்று ஊரே கோபப்பட்டது, உடனே 'லவ் பிளாக் உமன்' என்று இன்னொரு பாட்டு போட்டார். அது உள்ளூர்ச் சண்டை. அடுத்தது அப்படி இல்லை. 1992-இல் வெளிவந்த 'பூம் பை பை', ஓரினச்சேர்க்கையாளர்களைச் சுடச் சொல்லும் பாட்டு. சுற்றி வளைத்தெல்லாம் சொல்லவில்லை, தலையில் சுடு என்கிற அளவுக்கு நேரடியாகச் சொல்கிறது. அது அமெரிக்க வானொலிக்குப் போய்ச் சேர்ந்ததும் எதிர்ப்பு கிளம்பியது, வோமாட் என்ற உலக இசை விழாவிலிருந்து இவரை நீக்கினார்கள்.

இதே ஆள்தான், பான் ஹெட் என்ற சக டீஜே 1993-இல் சுட்டுக் கொல்லப்பட்டபோது 'மர்டரர்' பாடினார். இந்த டீஜேக்களின் இசைக்கு டான்ஸ்ஹால் என்று பெயர், துப்பாக்கிப் பாட்டுகளிலேயே ஊறியிருந்த அந்த டான்ஸ்ஹாலைத் திரும்பிப் பார்க்க வைத்த பாட்டு அது. அப்புறம் சடை வளர்த்து, ஜமைக்காவில் பிறந்த ரஸ்தஃபாரி என்ற சமய வழிக்குப் போனார். 1995-இல் 'டில் ஷைலோ' வந்தது. என்னைக் கேட்டால் தொண்ணூறுகளில் ஜமைக்காவிலிருந்து வந்த தொகுப்புகளில் அதுதான் தலைசிறந்தது.

பிறகு 2009-இல் கொகெய்ன் வழக்கு, சிறை, 2018 டிசம்பரில் விடுதலை. 2019 மார்ச்சில் 'பூம் பை பை' பாட்டைத் தன் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவதாக அறிவித்தார்.

நான் கேட்பது இதுதான். எடுத்துவிட்டால் போதுமா? பாட்டைத் திரும்பப் பெறுவதும் அந்தப் பாட்டு யாரைக் குறிவைத்ததோ அவர்களிடம் மன்னிப்பு கேட்பதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

#2 ஸ்கார்பரோ தம்பி

அக்கா, இந்த இழையைப் பார்த்ததும் நித்திரை போய்விட்டது. தொண்ணூறுகளில் நாங்கள் டொராண்டோவுக்கு வந்து இறங்கியபோது எங்கள் அடுக்குமாடியில் பாதி ஈழத்துச் சனம், மற்றப் பாதியில் நிறைய ஜமைக்காக்காரர். எங்கள் வீட்டுக் கோப்பைகள் அலுமாரிக்குள் கிடந்து அதிரும், மேல்வீட்டு பேஸ் அப்படி. அம்மா முதலில் ஏசினா. பிறகு அந்த வீட்டு அன்ரி ஒருநாள் நெருப்பில் சுட்ட ஈரப்பலாக்காயைக் கொண்டுவந்து தந்தா, அதோடு அம்மா அடங்கிவிட்டா. ஊரைவிட்டு வந்து இரண்டு வருசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஈரப்பலாவைக் கண்டோம்.

இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், 'புஜு' என்ற பெயருக்கே ஈரப்பலா என்றுதான் அர்த்தம். தப்பியோடி மலைகளில் வாழ்ந்த அடிமைகளின் வழிவந்த மரூன்களின் சொல் என்று சொல்வார்கள், குண்டுக் குழந்தைகளை அப்படிக் கூப்பிடுவார்களாம், தாய் வைத்த செல்லப்பெயர். 'பான்டன்' என்பது அவருக்குப் பிடித்த பழைய டீஜே பர்ரோ பான்டனிடமிருந்து எடுத்தது.

பள்ளிக்கூட ஆட்டங்களில் 'பூம் பை பை' போட்டால் எல்லோரும் கையைத் துப்பாக்கி மாதிரி மேலே தூக்கிக்கொண்டு ஆடுவோம். நானும் ஆடினேன். ஜமைக்காக்காரரின் பேச்சுமொழியான பட்வா எனக்கு அப்போது விளங்காது. விளங்கினபோது வயது பதினேழு, சொல்லித் தந்தவன் அதே மேல்வீட்டுப் பெடியன். அதற்குப் பிறகு கையைத் தூக்கவில்லை, ஆனால் மண்டபத்தைவிட்டு வெளியே போகவும் இல்லை. அது இன்றைக்கும் மனதில் கிடந்து உறுத்துகிறது.

#3 தென்னங்கீற்று

கருங்குயில், உங்கள் கேள்வி நியாயமானதுதான், ஆனாலும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பாட்டை அவர் எழுதிப் பதிந்தபோது வயது 15. ஒரு சிறுவன் மீது நடந்த பாலியல் வன்முறை அப்போது ஜமைக்கா செய்திகளில் ஓடிக்கொண்டிருந்தது, அதற்குப் பதிலாக எழுதினேன் என்று அவர் தரப்பு சொன்னது. பதினைந்து வயதில் நீங்களும் நானும் என்னென்ன பேசினோம்? அதை யாரும் ஒலிநாடாவில் பிடித்து உலகம் முழுக்க விற்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது, இந்த வெறுப்பு டான்ஸ்ஹாலில் முளைத்தது அல்ல. ஆணோடு ஆண் உறவு கொண்டால் பத்தாண்டு வரை சிறை என்ற ஜமைக்காச் சட்டம் 1864-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் போட்டது. ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய நம் இந்தியத் தண்டனைச் சட்டம் 377-ஐ எழுதியதும் அதே ஆட்சிதான், 1860-இல். தேவாலயமும் பள்ளியும் நாடாளுமன்றமும் சொன்னதை ஒரு சேரிப் பையன் தாளத்தோடு சொன்னான். பிரசங்க மேடையில் சொன்னவரை யாரும் இசைவிழாவிலிருந்து நீக்கவில்லை. நிகழ்ச்சி ரத்தானது இவருக்குத்தான்.

இன்னொன்றும் யாரும் பேசுவதில்லை. 1993-இல் ஆணுறை பயன்படுத்துங்கள் என்று 'வில்லி' பாடியவரும் இவரே. 'ஆபரேஷன் வில்லி' என்று ஒரு முயற்சி தொடங்கி எய்ட்ஸ் பாதித்த குழந்தைகளுக்குப் பணம் கொடுத்தார். அந்தக் காலத்தில் ஜமைக்காவில் எய்ட்ஸ் என்று வாயைத் திறக்கவே தைரியம் வேண்டும்.

#4 கருங்குயில்

தென்னங்கீற்று, சட்டம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. தேவாலயம் பற்றியும் சரி. ஆனால் வயதுக் கணக்கை நான் ஏற்கமாட்டேன். 15 வயதில் பதிந்தார், 19 வயதில் வெளியிட்டார், அதன் பிறகும் பல வருடம் மேடையில் பாடினார். ரஸ்தஃபாரி ஆன பிறகும் பாடினார். 2007-க்குப் பிறகு பாடவில்லை என்று அவர் தரப்பே சொல்கிறது, அப்போது வயது 34. பதினைந்து வயதுப் பையனை முன்னால் நிறுத்திவிட்டு முப்பது வயது ஆளை மறைக்கக்கூடாது.

2004 ஜூனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜமைக்காவின் ஓரினச்சேர்க்கையாளர் உரிமை அமைப்பு ஜே-ஃபிளாக், 1998-இல் தொடங்கியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான பிரையன் வில்லியம்சன் ஜூன் 9 அன்று கிங்ஸ்டனில் தன் வீட்டில் வெட்டிக் கொல்லப்பட்டார். திருட்டுக்காக நடந்த கொலை என்றுதான் போலீஸ் கொண்டுபோனது, ஒருவருக்குத் தண்டனையும் கிடைத்தது. ஆனால் அன்று அந்த வீட்டு வாசலில் என்ன நடந்தது என்று பாருங்கள். அவரைச் சந்திக்கவே வந்திருந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பின் ஆய்வாளர் ஒருவர் உடல் கிடந்த சிறிது நேரத்திலேயே அங்கே போய்ச் சேர்ந்தார். கூட்டம் சிரித்துக்கொண்டு நின்றது என்றும் சிலர் 'பூம் பை பை' என்று பாடினார்கள் என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். பாட்டு வந்து 12 வருடம் ஆகியிருந்தது. கொலையை அந்தப் பாட்டு செய்தது என்று நான் சொல்லவில்லை. கொல்லப்பட்டவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு அந்தக் கூட்டத்தின் வாயில் தயாராக இருந்த சொற்கள் அந்தப் பாட்டிலிருந்து வந்தவை.

அதே மாதம் கிங்ஸ்டனில் அவருடைய ஸ்டூடியோவுக்குப் பக்கத்து வீட்டில் புகுந்து ஆறு பேரைத் தாக்கிய கும்பலில் புஜுவும் இருந்தார் என்று புகார் வந்தது. 2006 ஜனவரியில் ஆதாரம் போதாது என்று நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதனால் அதை அவர் மேல் சுமத்தமாட்டேன். தள்ளுபடி என்றால் தள்ளுபடிதான்.

#5 மழைக்காகம்

இந்தத் தளத்தில் ஐந்து வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நான் ஓரினச்சேர்க்கையாளன்.

எனக்கு 'டில் ஷைலோ' உயிர். 'அன்டோல்ட் ஸ்டோரீஸ்' பாட்டில் பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் கிடையாது, கிட்டார் முன்னால் நிற்கும், அந்தக் கரடுமுரடான குரல் திடீரென்று பணிந்துபோய் படித்தும் சம்பளம் இல்லாத இளைஞர்களையும் வறுமையையும் பற்றிப் பேசும். வேலை போய் நான்கு மாதம் அறையில் முடங்கிக் கிடந்தபோது தினமும் காலையில் அதைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து குளிக்கப் போவேன். 'பூம் பை பை' இதே ஆள் பாடியது என்று ரொம்பப் பின்னால்தான் தெரியும். தெரிந்த அன்று ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். காதில் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்த மனிதன் என்னைச் சுடச் சொல்லியிருக்கிறான்.

2019 அறிக்கையை நான் பல தடவை படித்தேன். பாட்டு கேட்பவர்களுக்கும் என் ரசிகர்களுக்கும் என் குடும்பத்துக்கும் எனக்கும் வலி தந்தது என்கிறார். எல்லோருக்கும் தாங்கள் விரும்பியபடி வாழ உரிமை உண்டு என்றும் உறுதியாகச் சொல்கிறார். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை, கிங்ஸ்டனில் மறுபடி வாழப்போகிற ஒருவர் அதைச் சொல்வது சும்மா இல்லை. ஆனால் வலி பட்டவர்களின் பட்டியலைப் பாருங்கள். ரசிகர் இருக்கிறார், குடும்பம் இருக்கிறது, அவரே இருக்கிறார். நாங்கள் இல்லை. எங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்றுகூட அந்த அறிக்கை முயலவில்லை.

கருங்குயில் கேட்டதற்கு என் பதில்: போதாது. ஆனால் பாட்டைக் கேட்பதை நான் விடவில்லை.

#6 ஸ்கார்பரோ தம்பி

மழைக்காகம், எழுதினதுக்கு நன்றி. இலங்கையில் இதே மாதிரிச் சட்டமான 365 இன்னும் அப்படியே கிடக்கிறது, உங்களுக்காவது 2018 செப்டம்பர் 6 அன்று 377-ஐத் தளர்த்திய தீர்ப்பு வந்தது. வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நான் அன்றைக்கு மண்டபத்தைவிட்டு வெளியே போயிருக்க வேண்டும்.

#7 வழக்காடி

நான் இசைக்காரன் இல்லை, ஆனால் அந்தக் கொகெய்ன் வழக்கை நன்றாகப் படித்திருக்கிறேன். "கடத்தல்காரன்" என்று ஒரு பக்கமும் "சதியில் சிக்கவைத்தார்கள்" என்று இன்னொரு பக்கமும் கத்துகிறார்கள். நடந்தது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

2009 ஜூலையில் மாட்ரிட்டிலிருந்து மயாமி போகும் விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஒருவர். குடித்துக்கொண்டு பேச்சு வளர்கிறது, கொகெய்ன் பற்றிப் பேச்சு வருகிறது. அந்த ஆள் பழைய கடத்தல் குற்றவாளி, அப்போது அரசின் தகவலாளி, இந்த ஒரு வழக்குக்காக அவருக்கு 50,000 டாலர் கொடுத்தார்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் தொலைபேசியில் துரத்திக்கொண்டே இருந்தார். டிசம்பர் 8 அன்று சரசோட்டாவில் ஒரு கிடங்கு. அதை நடத்தியதே போலீஸ், உள்ளே கேமரா. கத்தியால் பொட்டலத்தைக் கீறுகிறார்கள், புஜு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறார். அந்தக் காட்சிதான் அவரை முடித்தது. இரண்டு நாள் கழித்துப் பணத்தோடு வந்தவர்கள் வேறு இருவர், ஒருவரிடம் 1,35,000 டாலரும் துப்பாக்கியும் இருந்தன. புஜு அங்கே இல்லை, வீட்டில் வைத்துக் கைது செய்தார்கள்.

இல்லாத ஆளுக்கு எப்படித் தண்டனை என்று கேட்பீர்கள். அமெரிக்கக் கூட்டுச்சதிச் சட்டம் அப்படி. பணம் கைமாறவேண்டியதில்லை, சரக்கைத் தொடவேண்டியதில்லை, உடன்பாடு இருந்ததாக ஜூரி நம்பினால் போதும். கூட்டாளியின் துப்பாக்கியும் உங்கள் கணக்கில் வரும். நான் வாய்ச்சவடால் விட்டேன், வியாபாரம் செய்யும் எண்ணமே இல்லை என்று அவர் சாட்சி சொன்னார். 2010 செப்டம்பரில் முதல் ஜூரி ஒருமனதாக முடிவெடுக்க முடியாமல் கலைந்தது. இரண்டாவது விசாரணை டாம்பாவில் 2011 பிப்ரவரி 14 அன்று தொடங்கியது. முந்தின நாள் இரவுதான் 'பிஃபோர் தி டான்' தொகுப்புக்குச் சிறந்த ரெக்கே கிராமி கிடைத்திருந்தது. பிப்ரவரி 22 அன்று நான்கு குற்றச்சாட்டில் மூன்றில் குற்றவாளி என்று தீர்ப்பு. தண்டனை பத்தாண்டும் ஒரு மாதமும்.

துப்பாக்கிக் குற்றத்தை நீதிபதி நீக்கினார், மேல்முறையீட்டு மன்றம் திரும்பச் சேர்த்தது. ஜூரியில் ஒருவர் விதியை மீறித் தானே வழக்கு விவரம் தேடிப் படித்தார் என்று தெரியவந்து அது வேறு வழக்கானது. 2015-இல் புஜு மேல்முறையீடுகளைக் கைவிட, அரசு துப்பாக்கிக் குற்றத்தைக் கைவிட்டது. இல்லாவிட்டால் இன்னும் ஐந்து வருடம் உள்ளே இருந்திருப்பார்.

என் கருத்து: அவர் வியாபாரி இல்லை, ஆனால் அந்தக் கிடங்குக்கு யாரும் கையைக் கட்டி இழுத்துப் போகவில்லை.

#8 கருங்குயில்

வழக்காடி, இவ்வளவு தெளிவாக இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ரஸ்தஃபாரியாக இருப்பவருக்கு அந்த விரல் ஏன் இவ்வளவு பெரிய அவமானம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். கஞ்சா அவர்களுக்குப் புனித மூலிகை, ஜெபத்தோடு சேர்ந்தது. 1845-இல் இந்தியக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் ஜமைக்காவில் கரை சேர்ந்தது. செடியும் 'கஞ்சா' என்ற பெயரும் அப்படிப் போன நம் ஆட்களோடு போனவைதான். அங்கே ஒரு வகைக்குக் 'காலி' என்றே பெயர், அது நம் காளி என்று பலர் சொல்கிறார்கள். கொகெய்ன் அப்படியல்ல. அதை அவர்கள் பாபிலோனின் விஷம் என்பார்கள், பாபிலோன் என்றால் அவர்கள் மொழியில் ஒடுக்குகிற ஆட்சி. உப்பும் இறைச்சியும் விலக்கி உண்கிற, தலைமுடியில் கத்தி படக்கூடாது என்று விரதம் பிடிக்கிற ஒரு வழியில் வந்தவர் கிடங்கில் நின்று அதை நாக்கில் வைத்துப் பார்க்கிறார். ஜமைக்காவில் ஆயிரக்கணக்கான பேர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். நீதிமன்றத் தண்டனையைவிட அது பெரிது என்று நினைக்கிறேன்.

#9 தென்னங்கீற்று

அந்த 34 வயதுக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். 2007-இல் பீனி மேன், சிஸ்லா, கேப்பிள்டன் என்ற ஜமைக்காப் பாடகர்கள் மூவரும் வெறுப்புப் பாட்டு பாடமாட்டோம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதாக அறிவிப்பு வந்தது. அடுத்து புஜு பெயரும் வந்தது, அப்படி எதுவும் செய்யவில்லை என்று இவர் மறுத்தார். அப்போதே ஒழுங்காகச் செய்திருந்தால் 2009-இல் அமெரிக்காவில் நிகழ்ச்சி நிகழ்ச்சியாக ரத்தாகியிருக்காது.

ஆனால் 2019 மார்ச் 16-ஐயும் சொல்லவேண்டும். விடுதலையாகி மூன்று மாதம், கிங்ஸ்டன் தேசிய விளையாட்டரங்கில் 30,000-க்கும் மேல் கூட்டம். வெள்ளை உடுத்திக்கொண்டு வந்து ஜெபத்தோடு தொடங்கினார். காணொலியைப் பாருங்கள், 'டெஸ்டினி' வரும்போது கூட்டம் அவரைப் பாடவிடவில்லை, அவர்களே பாடுகிறார்கள். அந்தப் பழைய பாட்டைப் பாடு என்று கேட்டு வந்த கூட்டமும் அதில் இருந்திருக்கும். அவர் பாடவில்லை. அடுத்த சில நாட்களில்தான் பட்டியலிலிருந்து எடுக்கும் அறிவிப்பு வந்தது.

#10 மழைக்காகம்

அதை நான் மறுக்கவில்லை, தென்னங்கீற்று. எனக்கு வேண்டியது பத்திரிகை அறிக்கை இல்லை என்று இப்போது உங்களுக்குப் பதில் எழுதும்போதுதான் தெளிவாகிறது. பான் ஹெட் செத்தபோது அவர் அறிக்கை விட்டாரா? பாட்டு கட்டினார். கொன்றவனை நேருக்கு நேர் நிறுத்தி, மனசாட்சியிடமிருந்து எங்கே ஓடி ஒளிவாய் என்று கேட்டார். வில்லியம்சனுக்காக அப்படி ஒரு பாட்டு இதுவரை வரவில்லை. 2020-இல் 'அப்சைட் டவுன்' வந்தபோது முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அதைத்தான் தேடினேன்.

#11 கருங்குயில்

என் கேள்விக்கு இதைவிடச் சரியான பதில் வரும் என்று தோன்றவில்லை. 'மர்டரர்' எழுதத் தெரிந்த ஆள் அவர். எப்படிச் செய்வது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

#12 பனிப்புகை

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இவர் பாட்டு ஒன்றுகூடக் கேட்டதில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

#13 ஸ்கார்பரோ தம்பி

'அன்டோல்ட் ஸ்டோரீஸ்' முதலில். பிறகு 'மர்டரர்', அதை நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள், ஃபோனில் வேண்டாம், பேஸ் இல்லாவிட்டால் பாதிப் பாட்டு காணாமல் போய்விடும். மூன்றாவதாக 'டில் ஐம் லெய்ட் டு ரெஸ்ட்', ரஸ்தஃபாரிகள் வழிபாட்டில் வாசிக்கிற நியாபிங்கி மேளத்தோடு வரும். அப்புறம் 1997-இல் வந்த 'இன்னா ஹைட்ஸ்' தொகுப்பை முழுதாக. 2024 ஜூலையில் நியூயார்க்கில் பாடினார், பதின்மூன்று வருசத்துக்குப் பிறகு அமெரிக்க மேடை. பஸ் பிடித்துப் போகலாம் என்று நினைத்தேன், லீவு கிடைக்கவில்லை.

#14 பனிப்புகை

'அன்டோல்ட் ஸ்டோரீஸ்' நான்கு தடவை கேட்டுவிட்டேன். வரிகள் பாதிதான் பிடிபடுகிறது. நடுவில் அம்மா கையிலிருந்த கடைசிக் காசைச் செலவழித்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற மாதிரி ஒரு இடம் வருகிறதே, அது சரியா?

#15 மழைக்காகம்

சரிதான். அந்த இடத்தில் குரல் கொஞ்சம் தாழும், கவனித்தீர்களா? இன்னொரு தடவை கேளுங்கள். பட்வா புரியாத இடங்களை இங்கே எழுதுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.